உறவு நீக்கிய நம்பிக்கை

அயல்நாட்டு வணிக நம்பிக்கை வளர்ப்பு மையத்தின் வரவேற்பறையில் ஒரு பேனா இருந்தது. அதை யாரும் சுருட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று நூலில் கட்டி, நூலை மேசைக்காலில் முடிந்து, முடிச்சின் மேல் அரக்கும் வைத்திருந்தார்கள். தண்ணீர் டம்ளருக்குச் சங்கிலி. சுவரில் ஒரு பலகை: ‘நம்பிக்கையே நமது மூலதனம். உங்கள் உடைமைகளுக்கு மையம் பொறுப்பல்ல.’ இரண்டு வாக்கியத்தையும் ஒரே பெயிண்டர்தான் எழுதியிருக்க வேண்டும், ஒரே அளவு எழுத்து. அதைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார் புஷ்காரர். அவருக்குச் சிரிக்கத் தெரியாது என்றில்லை. காரியம் ஆக வேண்டியிருந்தது.

நாற்காலிக் காலுக்கு அடியில் மாட்டுகிற ரப்பர் உறையைக் கடைக்காரர்கள் புஷ் என்பார்கள். அதைச் செய்கிறவர் என்பதால் அவர் புஷ்காரர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் ஒரு பிரஸ். ரப்பர் கலவையை அச்சில் வைத்துச் சூட்டில் அழுத்தி எடுத்தால், புஷ் சுற்றிலும் பிசிறோடு வெளியே வரும். பிசிறை பிளேடால் சீவி எடுப்பது மனைவியின் வேலை. உள்ளூரில் பிளாஸ்டிக் புஷ் வந்ததிலிருந்து வியாபாரம் படுத்துவிட்டது. பிளாஸ்டிக் தரையைக் கீறும், சத்தம் போடும். ஆனால் மலிவு. மலிவாகக் கிடைத்தால் தரை கீறுவதைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? பிரஸ்ஸைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு எங்காவது வேலைக்குப் போய்விடலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான் வெளிநாட்டில் ஒரு வழி திறந்தது.

திறந்தவன் மைத்துனன், மனைவியின் தம்பி. அங்கே ஒரு மேசை நாற்காலிக் கடையில் டெலிவரி வண்டி ஓட்டுகிறான். ஒருமுறை ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு பை நிறைய புஷ் அள்ளிக்கொண்டு போனான். சாமான் இறக்குகிற வீடுகளில் யாரும் கேட்காமலே குனிந்து நாற்காலிக் கால்களில் மாட்டிவிட்டு வருவான். அங்கே எல்லாம் அடுக்கு வீடுகள். மேல் வீட்டில் நாற்காலியை இழுத்தால் கீழ் வீட்டுக்காரர் படியேறிச் சண்டைக்கு வருவார். புஷ் போன வீடுகளில் சண்டை நின்றுபோயிற்று. ‘அந்தக் கறுப்பு ரப்பர் எங்கே கிடைக்கும்?’ என்று ஆட்கள் கடைக்கே வந்து கேட்க ஆரம்பித்ததும் கடை முதலாளியம்மா இவனைக் கூப்பிட்டு விசாரித்தார். ‘எங்க அத்தான் செய்றாருங்க’ என்றான். அந்த அம்மா முதலில் சின்னச் சின்னப் பார்சலாக வரவழைத்துப் பார்த்தார். இப்போது எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்துப் பெரிய ஆர்டராகத் தரச் சம்மதித்திருந்தார். அது வந்தால் பிரஸ் ஓடும், குடும்பமும் ஓடும். வராவிட்டால் பழைய இரும்புதான்.

பார்சல் அளவைத் தாண்டிய எந்தச் சரக்கும் துறைமுகத்தைத் தாண்ட வேண்டுமென்றால் மையத்தின் நம்பிக்கைச் சான்று வேண்டும். அதற்காகத்தான் இந்த வரவேற்பறை, இந்தச் சங்கிலி டம்ளர்.

உள்ளே நம்பிக்கை அலுவலர் என்று ஒருவர் இருந்தார். அவருக்குப் பின்னால் பெரிய பீரோ, அதில் இரண்டு பூட்டு. ஒரு சாவி இவரிடம், இன்னொன்று எதிர் அறையில் இருக்கும் தொடர்பு அலுவலரிடம். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் பீரோ ரொம்ப நாளாகத் திறக்கப்படவில்லை. மையத்தின் வழிகாட்டிக் கையேடுகள் எல்லாம் அதற்குள்தான் பத்திரமாக இருந்தன.

“உங்களுக்கும் வாங்குறவங்களுக்கும் நடுவுல நம்பிக்கை எப்படி உண்டாச்சு?” என்று கேட்டார் அலுவலர்.

“எங்க மச்சான் மூலமாங்க.”

அலுவலர் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். “மச்சான்னா?”

“என் சம்சாரத்தோட தம்பிங்க. கூடப் பொறந்தவன்.”

“அடடா.” ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரின் முகம் வந்துவிட்டது அவருக்கு. “இது எவ்வளவு காலமா இருக்கு?”

“கல்யாணம் ஆனதுலேருந்துங்க.”

“வீட்ல வேற யாருக்காவது?”

“எல்லாருக்கும்தாங்க. எங்க பசங்களுக்கு அவன் தாய்மாமன்.”

அலுவலர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அது தரையைக் கீறிக்கொண்டு போயிற்று. புஷ்காரரின் கண் தன்னையறியாமல் கீழே போய், பிளாஸ்டிக் என்று பார்த்துக்கொண்டது.

“இங்க பாருங்க. நம்பிக்கைல தரம் இருக்கு. மையம் உண்டாக்குனா முதல் தரம். பேங்க் உண்டாக்குனா ரெண்டாந்தரம். சொந்தக்காரங்க உண்டாக்குறது தரத்துலயே வராது. அதுக்குப் பேரு பாசம். பாசத்த ஏற்றுமதி பண்ண நம்மகிட்ட விதி இல்ல.”

“அப்ப நான் என்னங்க பண்றது?”

“நீக்கிடணும்.”

“யாரங்க?”

“ஆள இல்லய்யா, உறவ. கொழுப்பு நீக்குன பால் குடிக்கிறோம்ல? பாலு பாலாத்தான இருக்கு? அதே மாதிரி உங்க மச்சான் அங்கயேதான் இருப்பாரு. மச்சாங்கிறது மட்டும் போயிடும். அப்புறம் அந்த அம்மாவ நாங்களே உங்களுக்கு முறைப்படி அறிமுகம் பண்ணி வைப்போம்.”

“அவங்களுக்குத்தான் என்னைய ஏற்கெனவே தெரியுமேங்க?”

“அதத்தான நானும் சொல்றேன். அதான் சிக்கல்.”

அடுத்த வாரமே பயிற்சி தொடங்கியது. முதலில் கை குலுக்கும் பயிற்சி. பயிற்சியாளர் மைய இயக்குநரின் மனைவிக்குத் தம்பி. இதைப் பற்றி யாரோ வாய் தவறிக் கேட்டுவிட, “அது உறவு இல்ல, நியமனம்” என்று விளக்கம் கிடைத்தது. கை குலுக்கும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டுமாம். அவர் நம் கடிகாரத்தைக் கழற்றிவிடுவாரோ என்கிற எண்ணம் முகத்தில் தெரியக் கூடாதாம். எண்ணம் இருக்கலாம், தெரியக் கூடாது. பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் தன் கடிகாரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அதன் பிறகு ‘தொடர்பு மாலை’ என்று ஒன்று. சின்ன வியாபாரிகளுக்கு வெளிநாட்டில் வலைப்பின்னல் வேண்டும் என்பது மையத்தின் கொள்கை. கூடத்தில் சீப்புச் செய்கிறவர், பிரஷ் செய்கிறவர், பூட்டுச் செய்கிறவர் என்று ஒரு கூட்டம். விற்க வந்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வாங்குகிறவர்களைக் கூப்பிட மட்டும் மறந்துவிட்டார்கள். மணி அடித்தால் எதிரில் நிற்பவரோடு தொடர்பு கொள்ள வேண்டும், மறுபடி அடித்தால் விட்டுவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். பேச்சு சூடு பிடிக்கும்போதெல்லாம் மணி அடித்தது. வேறு வழியில்லாமல் ஒருவர் சரக்கை ஒருவர் வாங்கிக்கொண்டார்கள். புஷ்காரர் சீப்பும் பிரஷ்ஷும் பூட்டுமாக வீடு திரும்பினார். மையத்தின் ஆண்டறிக்கையில் அது ‘வர்த்தகப் பெருக்கம்’ என்று ஏறியது.

கடைசியாக அயல்நாட்டு அறை. அறை அயல்நாடு என்பதற்கு அடையாளம், உள்ளே பற்கள் தந்தியடிக்கும் அளவுக்கு ஏசி. அங்கே கோட்டுப் போட்ட ஒரு குமாஸ்தா வெளிநாட்டு வாடிக்கையாளராக உட்கார்ந்திருப்பார். அவர் கடல் கடந்து போனவரில்லை. கடலைப் பார்த்தவரா என்பதே சந்தேகம். ஆனால் வருடக்கணக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எந்தச் சரக்கைப் பார்த்தாலும் உதட்டைப் பிதுக்கக் கற்றிருந்தார். வீட்டிலும் அப்படித்தானாம், மனைவி வைக்கிற சாப்பாட்டுக்கும் முதலில் சாம்பிள் கேட்பாராம்.

உறவு நீக்கம் இந்த அறையில்தான், படிப்படியாக. முதலில் ஒரு காலி நாற்காலியைக் காட்டி, “இவர் உங்களுக்கு யார்?” என்று கேட்டார் குமாஸ்தா. “யாருமில்லை” என்றார் புஷ்காரர். தேர்ச்சி. அடுத்து வாட்ச்மேனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். “யாருமில்லை.” அதிலும் தேர்ச்சி, வாட்ச்மேன்தான் கொஞ்சம் மனம் நொந்துபோனார். மூன்றாவதாக மைத்துனனின் போட்டோ. ஏதோ பார்க்கில் நின்றுகொண்டு, பனி விழுந்த தொப்பியோடு பல்லைக் காட்டிச் சிரிக்கிற போட்டோ.

“இவர் உங்களுக்கு யார்?”

“யாரு...” என்று ஆரம்பித்த புஷ்காரருக்கு இருமல் வந்துவிட்டது.

“தண்ணி குடிங்க. மறுபடி சொல்லுங்க.”

“யாருமில்ல.”

“அழுத்தம் பத்தல. கடைசில குரல் எறங்குது பாருங்க, அங்கதான் பாசம் ஒட்டிக்கிட்டு நிக்குது. வீட்ல சொல்லிப் பழகுங்க.”

வீட்டில் எப்படிச் சொல்லிப் பழகுவது? கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். திரும்பினால் மனைவி கையில் பிளேடோடு நின்றிருந்தாள்.

“யாருகிட்ட பேசுறீங்க?”

வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னார். ஒரு சடங்குதான், ஒரு வார்த்தைதான், ஆர்டருக்காகத்தான் என்று நிறைய ‘தான்’ போட்டுச் சொன்னார்.

“தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்றேன்.”

“சொல்லிடுங்க. அவன் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான். ஆனா முன்னாடியே சொல்லிடுங்க.”

சொல்லவில்லை. ஒவ்வொரு முறை போனை எடுக்கும்போதும் கூச்சம் வந்து கையைப் பிடித்தது. ‘மாப்ள, உன்ன யாருன்னு கேப்பாங்க, யாருமில்லன்னு சொல்லப் போறேன்’ என்பதை எந்தத் தொனியில் சொல்வது? பயிற்சி முடிந்ததும் நடக்கிற உறுதிமொழி விழாவிலும் போட்டோவைத்தான் காட்டுவார்கள், அவனுக்குத் தெரியப்போவதே இல்லை, எதற்கு வீணாகச் சொல்ல வேண்டும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். விழாவுக்கு வரப்போகிற முதலாளியம்மாவுக்கு நம் மொழி தெரியாது, கூட ஒரு ஆள் வந்தாக வேண்டும் என்பது புஷ்காரரின் புத்திக்கு எட்டவில்லை. எட்டக் கூடாது என்று அவரே பார்த்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம்பிக்கை உறுதிமொழி விழா அன்று கூடம் முழுக்கக் காகிதப் பூ. முன்வரிசையில் முதலாளியம்மா, நரைத்த தலை, மடியில் கைப்பை. பக்கத்தில் அவருடைய கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு மைத்துனன். லீவு போட்டுவிட்டுத் தன் செலவிலேயே வந்திருந்தான். வாசலில் புஷ்காரரின் தலை தெரிந்ததும் கூட்டத்துக்கு மேலே கையைத் தூக்கி, “அத்தான்!” என்றான்.

புஷ்காரர் மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றுகிறதா என்று ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். மைத்துனன் தூக்கிய கையை மெல்ல இறக்கித் தலையைக் கோதிக்கொண்டான்.

இயக்குநர் பேச எழுந்தார். “நண்பர்களே, நான் இந்தத் துறைக்கு வந்த நாள் முதல் யாரையும் நம்பியது கிடையாது. அதனால்தான் இந்த நாற்காலியில் இருக்கிறேன். சிறு வியாபாரிகள் நம்பிக்கையைக் கண்ட இடத்தில் பெறுகிறார்கள். மாமா சொன்னார், மச்சான் சொன்னான் என்று சரக்கு அனுப்புகிறார்கள். பணமும் வந்துவிடுகிறது! இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டே போனால் நம் மையத்தின் கதி என்ன? எண்ணிப் பாருங்கள். ஆகவே நடக்கிறதை முதலில் நிறுத்துவோம். நிறுத்திய பிறகு நாமே நடத்துவோம். அதற்குப் பெயர்தான் வளர்ச்சி.” பலமான கைதட்டல். பயிற்சியாளர்தான் முதலில் தட்டினார்.

புஷ்காரரை மேடைக்கு அழைத்தார்கள். இயக்குநர் போட்டோவைக் கையில் எடுத்தார், பார்த்தார், முன்வரிசையையும் பார்த்தார். “ஆளே வந்திருக்கும்போது போட்டோ எதற்கு? தம்பி, நீங்கள் எழுந்து நில்லுங்கள்.”

மைத்துனன் எழுந்து நின்றான். ஏதோ பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தவன்போல முகம் மலர்ந்திருந்தது.

“இவர் உங்களுக்கு யார்?”

அந்த இடத்தில் இருமல் வந்திருக்கலாம். மயக்கம் வந்திருக்கலாம். ஒன்றும் வரவில்லை.

“யாருமில்லை.”

சுத்தமாக வந்தது. குரல் இறங்கவே இல்லை. மூன்றாவது வரிசையில் கோட்டுக் குமாஸ்தா பெருமையாகத் தலையாட்டினார். புஷ்காரருக்கு உடம்பெல்லாம் கூசிற்று. தகரக் கூரை இடிந்து தலையில் விழுந்தால் தேவலை என்றிருந்தது, ஆனால் அந்தக் கூடத்துக்குக் கான்கிரீட் கூரை.

மைத்துனன் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தான். அப்புறம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தான்.

“ஆமாங்க. இன்னிக்குத்தான் சார மொதமொதல்ல பாக்குறேன்” என்றான் இயக்குநரிடம்.

முதலாளியம்மா அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து ஏதோ கேட்டார். அவன் குனிந்து சொன்னான். அவர் மறுபடி கேட்டார், மேடையையும் அவனையும் மாறி மாறிக் காட்டி. அவன் தலையாட்டினான். அந்த அம்மா மேடையைப் பார்த்து நிதானமாக, நீளமாக என்னவோ சொன்னார்.

“என்ன சொல்றாங்க?” என்று ஆவலோடு கேட்டார் இயக்குநர்.

“அம்மாவுக்கு ரொம்பத் திருப்தியாம்” என்றான் மைத்துனன். அதற்குள் அந்த அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தார். அவன் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். கூடம் எழுந்து நின்று கைதட்டியது. புஷ்காரர் கழுத்தில் மாலை விழுந்தது.

அவன் அக்கா வீட்டுக்கு வராமலே திரும்பிவிட்டான். விமான நிலையத்திலிருந்து அக்காவுக்குப் போன் பண்ணியிருக்கிறான். அந்தம்மா என்ன சொன்னார் என்பதை மனைவிதான் புஷ்காரருக்குச் சொன்னாள், பிசிறு சீவுவதை நிறுத்தாமலே.

“நாம அனுப்புன மொத பார்சல், கலவ சரியில்லாம, பூரா அங்க குளிருக்கு வெடிச்சுப் போச்சாம். தம்பி நம்மகிட்ட மூச்சு விடல. அடுத்த பார்சல் வந்ததும், லீவு நாள்ல வீடு வீடாப் போய், மேசைக்கு அடியில மண்டி போட்டு, ஒவ்வொண்ணா மாத்திக் குடுத்திருக்கான். ஏன்டா இப்படிப் பண்றேன்னு அந்தம்மா கேட்டதுக்கு, எங்க அத்தான் பேரு கெட்டுடக் கூடாதுன்னு சொன்னானாம். அதப் பாத்துத்தான் அவங்க ஆர்டர் குடுக்கவே கெளம்பி வந்தாங்க. ‘இவனையே யாருமில்லன்னு சொல்றவரு, என் சரக்கு வெடிச்சா என்னைய யாருன்னு சொல்லுவாரு?’ன்னு கேட்டாங்களாம். அத சபையில சொன்னா உங்களுக்கு அசிங்கம்னு அவனா மாத்திச் சொல்லியிருக்கான்.”

புஷ்காரர் குனிந்து கீழே கிடந்த பிசிறைப் பொறுக்க ஆரம்பித்தார்.

“சரி, நான் ஒண்ணு கேக்குறேன்” என்றாள். “என் தம்பி உங்களுக்கு யாருமில்லன்னா, நான் யாருங்க?”

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தலாம். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாள். அதற்கு மையத்தில் பயிற்சி இல்லை. வெட்கம் தாங்காமல் கொட்டகைக்கு வெளியே வந்து மைத்துனனுக்குப் போன் பண்ணினார். அவன் எடுத்தான். இவர் திக்கித் திணறி ஏதேதோ சொல்ல, “பரவால்லங்க, விடுங்க. உங்க நெலம அப்படி” என்றான். அத்தான் என்று ஒரு வார்த்தை நடுவில் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். திட்டிவிட்டு அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் போதும். பிள்ளைகளை விசாரித்தான், அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான், வைத்துவிட்டான்.

நம்பிக்கைச் சான்று கண்ணாடிச் சட்டத்தோடு வீடு வந்து சேர்ந்தது. ‘எவரோடும் உறவில்லாத முதல் தர ஏற்றுமதியாளர்.’ உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் அவர் சரக்கு அனுப்பலாம். வாங்கத்தான் ஆளில்லை. பிரஸ் கொஞ்ச நாளில் பழைய இரும்புக்குப் போயிற்று. மையம் அவரைக் கைவிடவில்லை. மேடையில் அவ்வளவு தெளிவாகச் சொன்ன இன்னொருவர் மையத்தின் வரலாற்றிலேயே கிடையாதாம். கௌரவப் பயிற்சியாளர் என்று அயல்நாட்டு அறையில் ஒரு நாற்காலியும் மாதாமாதம் ஒரு படித்தொகையும் கொடுத்தார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. சரி என்று சொல்லிவிட்டு வந்தார்.

முதல் நாள் வகுப்பில் ஒரு அம்மா, ஜன்னல் திரை தைக்கிறவர். மகள் வெளிநாட்டில் வீடு துடைக்கிற வேலை பார்க்கிறாள். வேலை செய்கிற வீடுகளில் எல்லாம் அம்மா தைத்த திரையைக் காட்டிக் காட்டி ஒரு கடைக்காரரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். நாற்காலியும் வாட்ச்மேனும் முடிந்து, மகளின் போட்டோவை மேசையில் வைத்தார்கள். அந்த அம்மா வாயைத் திறந்தார், மூடினார். குமாஸ்தா தண்ணீர் எடுக்க வெளியே போன நேரம் பார்த்து, புஷ்காரர் பக்கமாகக் குனிந்தார்.

“ஐயா, நீங்க மேடையிலயே சொன்னீங்களாமே. சொல்றப்ப வாய் வந்துச்சுங்களா?”

“வந்துச்சும்மா” என்றார் புஷ்காரர். “சுலபமா வந்துச்சு. அன்னிலேருந்து வீட்லதான் வாய் வர மாட்டேங்குது.”

அந்த அம்மா தலையாட்டினார். போட்டோவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஏற்றுமதி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். புஷ்காரருக்கு அவர் பின்னாலேயே எழுந்து போய்விட வேண்டும் என்று இருந்தது. குமாஸ்தா திரும்பி வந்து, தேர்ச்சி இல்லை என்று குறித்துக்கொண்டு, அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டார். வந்தவர் பயந்துகொண்டே உட்கார்ந்து, தன் அண்ணனின் போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார்.

புஷ்காரர் அதைக் கையில் எடுத்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

“இவர் உங்களுக்கு யார்?” என்று கேட்டார்.